‘எந்த லினக்ஸ் நல்லது?’ என்று கேட்பவருக்கு ஓஎஸ் போட்டுக் கொடுப்பது எப்படி

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச அப்டேட் நின்றது. அதற்கு இரண்டு மாதம் முன்பே எனக்கு போன் வர ஆரம்பித்துவிட்டது. “லேப்டாப் நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் விண்டோஸ் 11 போட முடியாது என்று காட்டுகிறது, நீதான் லினக்ஸ் எல்லாம் வைத்திருக்கிறாயே, எது நல்லதோ அதை ஒன்று போட்டுக் கொடு.” ஆள்தான் வேறு வேறு, பேச்சு இதேதான்.

எது நல்லதோ அதை. இந்த இடத்தில்தான் நான் பல வருஷம் தப்பு செய்தேன். எனக்குப் பிடித்த ஒன்றை எல்லோருக்கும் போட்டுவிட்டேன். ஒருமுறை ஒரே மாதத்தில், ஒரே பென் டிரைவிலிருந்து, நான்கு பேருக்கு ஒரே டிஸ்ட்ரோ (விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் ஓஎஸ்ஸின் ஒரு வகை). பெரியம்மா, டியூஷன் எடுக்கும் ஒரு டீச்சர், கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி, டிடிபி கடை வைத்திருக்கும் நண்பர். நான்கில் பெரியம்மாவுடையது மட்டும்தான் நிலைத்தது. டீச்சரின் லேசர் பிரிண்டருக்கு லினக்ஸில் சரியான டிரைவர் கிடையாது, மாதத் தேர்வுக்கு முந்தின நாள் ராத்திரி எனக்கு போன் வந்தது. தம்பிக்கு வேண்டிய மென்பொருளின் புதிய பதிப்பு அந்த டிஸ்ட்ரோ தன் மென்பொருள்களை வைத்துத் தரும் களஞ்சியத்தில் இல்லை, இணையத்தில் பார்த்த கமாண்டை எல்லாம் ஒட்டி ஒட்டி ஒரு வழி பண்ணிவிட்டான். டிடிபி நண்பர் மூன்றாம் நாளே சர்வீஸ் கடைக்குப் போய் ஃபார்மட் அடித்து விண்டோஸ் போட்டுக்கொண்டார், எனக்குச் சொல்லக்கூட இல்லை. போட்ட டிஸ்ட்ரோ மோசமானதா என்றால் இல்லை, இன்றைக்கும் நல்ல டிஸ்ட்ரோதான்.

ஆகவே இது ‘சிறந்த 10 லினக்ஸ்’ பட்டியல் கிடையாது. மற்றவர்களுக்கு ஓஎஸ் போட்டுக் கொடுக்கும் வேலை தலையில் விழுந்தவர்களுக்காக எழுதுகிறேன். தனக்கே தேடுகிறவரும் படிக்கலாம், தன்னையே எதிரில் உட்காரவைத்துக் கேட்டுக்கொண்டால் சரி.

வித்தியாசம் எங்கே இருக்கிறது

லினக்ஸ் என்பது சரியாகச் சொன்னால் 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய கெர்னல், அதாவது ஓஎஸ்ஸின் மையப் பகுதி மட்டும். அதன்மேல் டெஸ்க்டாப், பிரௌசர், மென்பொருள் நிறுவும் கருவி என்று எல்லாவற்றையும் வைத்து ஒரு மூட்டையாகக் கட்டித் தருவதுதான் டிஸ்ட்ரோ, தமிழில் எழுதுகிறவர்கள் வழங்கல் என்றும் சொல்கிறார்கள். 1993இல் ஸ்லாக்வேரும் டெபியனும் வந்தன, 2004இல் டெபியன் மேல் உபுண்டு, 2006இல் உபுண்டு மேல் மின்ட். இந்த வம்சாவளியை மனப்பாடம் பண்ண வேண்டாம். கெர்னல் எல்லாவற்றிலும் ஒன்றுதான், லிப்ரெஆபீஸும் ஃபயர்ஃபாக்ஸும் ஒன்றுதான், இப்போது ஃப்ளாட்பேக் என்ற பொதுவான செயலித் தொகுப்பு முறை வந்த பிறகு ஒரே செயலியை எந்த டிஸ்ட்ரோவிலும் நிறுவிக்கொள்ளவும் முடிகிறது.

அப்படியானால் எதில்தான் வேறுபடுகின்றன? உட்கார்ந்து பயன்படுத்துகிற ஆளுக்குத் தெரியக்கூடியது மூன்றே விஷயம். உள்ளே இருப்பவை எவ்வளவு புதியவை, எத்தனை நாளுக்கு ஒருமுறை மாறுகின்றன என்பது ஒன்று. திரையின் முகம், அதாவது மெனு எங்கே, மூடும் பட்டன் எங்கே என்பது இன்னொன்று. போட்டு முடித்த உடனே வைஃபையும் வீடியோவும் கைவைக்காமல் வேலை செய்கிறதா என்பது மூன்றாவது. மற்றதெல்லாம் நம்மைப் போன்ற ஆட்கள் டீக்கடையில் சண்டை போட உதவும். டோர்வால்ட்ஸ் தன் கணினியில் வைத்திருப்பது ஃபெடோரா. கெர்னலின் நிலையான பதிப்புகளைப் பார்த்துக்கொள்ளும் கிரெக் க்ரோவா ஹார்ட்மன் ஆர்ச் பயன்படுத்துவதாகச் சொல்லியிருக்கிறார். ஒரே கெர்னலில் வேலை செய்கிற அந்த இரண்டு பேருக்கே ஒரே டிஸ்ட்ரோ அமையவில்லை.

ஒன்றே எல்லோருக்கும் பொருந்திய இடமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். கேரளப் பள்ளிகளில் ‘கைட்’ என்ற அரசு அமைப்பு உபுண்டுவை அடிப்படையாக வைத்துத் தானே ஒரு டிஸ்ட்ரோ செய்து, எல்லாப் பள்ளிகளுக்கும் அதையே கொடுக்கிறது. ஓடுகிறது, பல வருஷமாக ஓடுகிறது. காரணம், அங்கே பாடப்புத்தகமே கட்டற்ற மென்பொருளை வைத்து எழுதப்பட்டிருக்கிறது, ஆசிரியர்களுக்கு அதிலேயே பயிற்சி கொடுக்கிறார்கள். நம் பக்கம் 2011இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பாஸை மத்திய அரசின் சிடாக் நிறுவனம் டெபியன் மேல் கட்டியது, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு இடம் கொடுத்துச் செய்தது, மோசமில்லை. ஆனால் எனக்குத் தெரிந்த பையன்களில் பாதிப் பேர் லேப்டாப் தொடங்கும்போது வரும் அந்தப் பட்டியலில் இரண்டாவது வரியைத் தொட்டதே இல்லை. தொட்டால் என்ன செய்வது என்று சொல்லித் தர ஆள் இல்லை.

அரை மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள்

“கம்ப்யூட்டரில் என்ன செய்வீர்கள்?” என்று கேட்காதீர்கள். எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள், “பிரௌசிங், கொஞ்சம் வேர்டு, படம் பார்ப்பது.” அதை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது. பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, நேற்று செய்த வேலையை இன்னொரு முறை செய்து காட்டச் சொல்லுங்கள். டெஸ்க்டாப்பில் என்னென்ன ஐகான் இருக்கிறது, எதன்மேல் அடிக்கடி கை போகிறது, யூஎஸ்பியில் என்ன சொருகியிருக்கிறது, பக்கத்து மேசையில் எந்த பிரிண்டர் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், மாடல் எண்ணோடு.

அந்தத் தாளில் டேலி இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள், அது விண்டோஸுக்குத்தான் வருகிறது. ஆட்டோகேட், ஃபோட்டோஷாப் வைத்துச் சம்பாதிப்பவருக்கும் அதே. வைன் (விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் கருவி) மூலம் ஓட்டலாம், மாற்று மென்பொருள் இருக்கிறது என்றெல்லாம் சொல்லத் தோன்றும், சொல்லாதீர்கள், அவருடைய தொழில் நீங்கள் பரிசோதனை செய்து பார்க்கும் இடமில்லை. கணக்குத் தாக்கலுக்கு டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வைத்திருப்பவர் என்றால் அந்த டோக்கனின் மாடலுக்கு லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள், இல்லாவிட்டால் கடைசித் தேதிக்கு முந்தின நாள் அவர் உங்கள் வீட்டு வாசலில் நிற்பார்.

டிடிபி நண்பர் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் இது நம் ஊருக்கே உரிய சிக்கல், ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எந்தக் கையேட்டிலும் இருக்காது. அவர் கடையில் 20 வருஷக் கல்யாணப் பத்திரிகைகளும் கோயில் நோட்டீஸும் பேஜ்மேக்கர் கோப்புகளாக இருக்கின்றன. அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. உள்ளே இருக்கும் தமிழ் யூனிகோடு கிடையாது, பாமினி மாதிரிப் பழைய குறியீட்டு எழுத்துருக்கள். பார்க்கத்தான் தமிழ், அந்த எழுத்துருவை எடுத்துவிட்டால் அடியில் இருப்பது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். 2010இலேயே தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது, இருந்தாலும் கடைக்கு வருகிறவர் “போன தடவை அடித்ததையே தேதி மட்டும் மாற்றிக் கொடுங்கள்” என்று கேட்கும்போது அந்தப் பழைய கோப்பைத்தான் திறக்க வேண்டும். நான் அவருக்கு வரைவதற்கு இங்க்ஸ்கேப்பும் பக்கம் வடிவமைக்க ஸ்க்ரைபஸும் போட்டுக் கொடுத்துப் பெருமையாக எழுந்து வந்தேன். அவர் கடையைத் திறந்ததும் முதல் வேலையே காதுகுத்துப் பத்திரிகைக்குத் தேதி மாற்றுவது. எந்த டிஸ்ட்ரோ போட்டிருந்தாலும் அன்றைக்கு அதே கதைதான் நடந்திருக்கும்.

பிரிண்டருக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஹெச்பி பிரிண்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த நிறுவனமே தரும் லினக்ஸ் டிரைவர் தொகுப்பு இருக்கிறது, டிஸ்ட்ரோக்களில் பெரும்பாலும் முன்பே நிறுவியிருக்கும். நெட்வொர்க்கில் இணையும் புதிய பிரிண்டர்கள் டிரைவரே இல்லாமல் ஓடிவிடும். மாட்டிக்கொள்வது பழைய, விலை குறைந்த, யூஎஸ்பி மட்டும் உள்ள லேசர் பிரிண்டர்களில்தான், ஜெராக்ஸ் கடைகளில் எங்கே பார்த்தாலும் இருக்குமே, அந்த வகை. மாடல் எண்ணைப் போட்டு லினக்ஸ் என்று சேர்த்துத் தேடிப் பார்க்காமல் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

லேப்டாப்பைப் பார்ப்பது

ஆளைப் பார்த்தாயிற்று, அப்புறம் இயந்திரம். முதல் கேள்வி அதன் பிராசஸர் 64 பிட்டா 32 பிட்டா என்பது. கடந்த 15 வருஷத்தில் வாங்கியது என்றால் அநேகமாக 64 பிட்தான். அதற்கும் பழையது என்றால் வழி குறுகிவிடும், மின்ட்டின் முக்கியப் பதிப்பு 2020இலேயே 32 பிட்டை விட்டுவிட்டது, 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 32 பிட்டுக்கு இன்ஸ்டாலர் கிடையாது. ஆன்டிஎக்ஸ் மாதிரி ஒன்றிரண்டு இன்னும் தருகின்றன. ஆனால் அந்த வயது இயந்திரத்தில் இன்றைய இணையதளங்களைத் திறப்பதே தண்டனை, எந்த ஓஎஸ் போட்டாலும்.

இங்கே ‘லைட் டிஸ்ட்ரோ’ என்ற பேச்சைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் லைட் டிஸ்ட்ரோ போட்டால் பறக்கும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. போட்டவுடன் பறக்கத்தான் செய்யும், காலியாக இருக்கிறதே. எக்ஸ்எஃப்சிஇ அல்லது எல்எக்ஸ்க்யூடி டெஸ்க்டாப் பெரிய டெஸ்க்டாப்பைவிடச் சில நூறு எம்பி குறைவாக எடுக்கும், உண்மை. அப்புறம் அவர் பிரௌசரைத் திறந்து, ஒரு டேபில் யூடியூப், ஒரு டேபில் மெயில், ஒரு டேபில் வாட்ஸாப் என்று வைப்பார், நீங்கள் மிச்சம் பிடித்ததை எல்லாம் அது ஒரே வாயில் விழுங்கிவிடும். டிஸ்ட்ரோ தேடும் நேரத்தில் ஒரு 4 ஜிபி ரேம் வாங்கிப் போடுங்கள். அதைவிட முக்கியம், உள்ளே இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் அதைக் கழற்றிவிட்டு 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று போடுங்கள். பழைய இலவச லேப்டாப் ஒன்றுக்கு இப்படிச் செய்தேன், ஸ்க்ரூ டிரைவர் பிடித்த 20 நிமிஷ வேலை. அதுவரை சுவிட்சைப் போட்டுவிட்டுப் போய் டீ போட்டு எடுத்து வருவார்கள், இப்போது அடுப்பைப் பற்றவைப்பதற்குள் டெஸ்க்டாப் வந்துவிடுகிறது. டிஸ்ட்ரோ மாற்றி இந்த அளவு வேகம் கூடியதை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

வைஃபை சிப் எது, என்விடியா கார்டு இருக்கிறதா என்பதையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இன்டெல் வைஃபை என்றால் கவலை இல்லை. சில பிராட்காம், ரியல்டெக் சிப்கள் தகராறு செய்யும், அப்போது இணையம் இல்லாமல் இணையத்திலிருந்து டிரைவர் இறக்க வேண்டிய அந்தப் புகழ்பெற்ற நிலைமை வரும். போனை யூஎஸ்பி கேபிளில் சொருகி டெதரிங் போட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். என்விடியா டிரைவர் போடும்போது செக்யூர் பூட் (கையொப்பம் இல்லாத மென்பொருளைத் தொடக்கத்திலேயே தடுக்கும் பாதுகாப்பு) இயங்கிக்கொண்டிருந்தால் ஒரு கடவுச்சொல் கேட்கும், மறுதொடக்கத்தில் ஒரு நீலத் திரை சில நொடிகள் வந்து நிற்கும், அதில் சாவியைப் பதிவு செய்து அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். என்னவோ ஏதோ என்று என்டரை அடித்துத் தாண்டிவிட்டு, டிரைவர் வேலை செய்யவில்லை என்று ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்தவன் நான்.

கெட்டுப்போனால் யார் வருவார்கள்

யாரும் கேட்காத கேள்வி இது, என்னைக் கேட்டால் டிஸ்ட்ரோவை முடிவு செய்ய வேண்டியதே இதுதான். பெரியம்மா வீடு என் வீட்டிலிருந்து பஸ்ஸில் 6 மணி நேரம். அங்கே ஒரு அப்டேட் சொதப்பினால் அடுத்த பொங்கலுக்குத்தான் நான் போவேன். அதுவரை லேப்டாப் பரணில்.

ஆர்ச் மாதிரியான ரோலிங் டிஸ்ட்ரோக்களுக்குப் பதிப்பு எண்ணே கிடையாது, எது புதிதாக வந்தாலும் சில நாளில் உங்கள் கணினியில் இருக்கும். 2022 ஆகஸ்டில் ஓஎஸ்ஸைத் தொடங்கிவைக்கும் க்ரப் பூட்லோடரின் ஒரு அப்டேட் வந்து ஆர்ச் குடும்பத்தில் பல கணினிகள் பூட் ஆகாமல் நின்றன. பென் டிரைவ் எடுத்து, லைவ் முறையில் (நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டுவது) நுழைந்து, க்ரப்பை மறுபடி நிறுவினால் சரியாகிவிடும், தெரிந்தவருக்கு 15 நிமிஷ வேலை. பெரியம்மாவிடம் போனில் அதைச் சொல்லிச் செய்யவைக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

ஃபெடோரா நடுவில் இருக்கிறது. 6 மாதத்துக்கு ஒரு புதிய பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 13 மாத ஆதரவு, ஆக வருஷம் ஒருமுறையாவது பெரிய மாற்றத்தைச் செய்தே ஆக வேண்டும். கையில் இருக்கும் ஆளுக்கு ஒன்றும் கஷ்டமில்லை. உபுண்டுவின் எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு) பதிப்பு 2 வருஷத்துக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும், 5 வருஷம் ஆதரவு உண்டு, தனிநபர் 5 கணினி வரை இலவசமாகப் பதிவு செய்துகொண்டால் 10 வருஷமாக நீட்டித்துக்கொள்ளலாம். மின்ட் அந்த எல்டிஎஸ் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. டெபியனும் சுமார் 2 வருஷத்துக்கு ஒருமுறை, அதன் நிலையான பதிப்பில் இடையில் எதுவும் அசையாது, பாதுகாப்புத் திருத்தங்களும் முக்கியப் பிழைத் திருத்தங்களும் மட்டும் வரும்.

இன்னொன்று, டிஸ்ட்ரோவே காணாமல் போவது. ஒரு காலத்தில் புதியவர்களுக்கு எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த மாண்ட்ரிவாவின் நிறுவனம் 2015இல் மூடப்பட்டது. ஆர்ச்சை எளிதாக்கித் தந்த ஆன்டெர்கோஸை நடத்தியவர்கள் நேரமில்லை என்று சொல்லி 2019இல் நிறுத்திவிட்டார்கள். அழகான வால்பேப்பரோடு போன வருஷம் முளைத்த ஒன்றை உங்கள் கணினியில் தாராளமாகப் போட்டுப் பாருங்கள், அடுத்தவர் கணினியில் வேண்டாம்.

சரி, யாருக்கு எது

விண்டோஸிலிருந்து வரும் சாதாரண வீட்டு ஆள், உதவிக்குப் பக்கத்தில் யாரும் இல்லை என்றால் மின்ட், அதன் சின்னமன் டெஸ்க்டாப்போடு. இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம், மூடும் பட்டன் வழக்கமான இடத்தில். “ஏன் எல்லாம் மாறிவிட்டது” என்ற முதல் நாள் கேள்வி வராது. மின்ட் குழு 2 ஜிபி போதும், 4 ஜிபி இருந்தால் வசதி என்கிறது. நான் 4 ஜிபிக்குக் குறைந்தால் அதன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுகிறேன். டைம்ஷிஃப்ட் உள்ளேயே இருக்கிறது, அப்டேட்டுக்கு முன்னால் நிலையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, கெட்டால் பழையபடி திரும்பலாம். நிறுவும்போது மல்டிமீடியா கோடெக் (வீடியோ, பாட்டு ஓடத் தேவையானவை) வேண்டுமா என்று ஒரு கட்டம் வரும், டிக் அடியுங்கள், பெரியம்மாவின் பழைய கல்யாண வீடியோ அதில்தான் ஓடுகிறது.

கல்லூரித் தம்பிக்கு, அதாவது நிரல் எழுதிப் படிக்கிறவனுக்கு, ஃபெடோரா அல்லது உபுண்டு. வகுப்பில் எது சொல்கிறார்களோ அதுவே நல்லது, எல்லோரும் உபுண்டுவில் செய்யும்போது இவன் மட்டும் தனியாக நிற்க வேண்டாம். ஃபெடோராவில் கருவிகள் புதிதாக இருக்கும், ஆனால் காப்புரிமைச் சிக்கலால் சில வீடியோ கோடெக்குகளைத் தரமாட்டார்கள், ஆர்பிஎம் ஃபியூஷன் களஞ்சியத்தைச் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டும். அவனே ஆர்ச் வேண்டும் என்று கேட்டால் தடுக்காதீர்கள், நீங்கள் போட்டும் கொடுக்காதீர்கள். ஆர்ச்சின் விக்கியைப் படித்து அவனே நிறுவட்டும், படிப்பு அதில்தான் இருக்கிறது.

அடிக்கடி மாறுவது பிடிக்காத ஆள், தினமும் அதே நான்கு வேலை, கொஞ்சம் பொறுமையும் உண்டு என்றால் டெபியன். டெபியன் 12இலிருந்து வைஃபை சிப் இயங்கத் தேவையான மூடிய ஃபர்ம்வேரையும் (மூல நிரல் வெளியிடாதது) இன்ஸ்டாலரிலேயே வைத்துவிட்டார்கள், முன்பு இருந்த பெரிய எரிச்சல் போயிற்று. கேம் ஆடுகிறவர் என்றால் எனக்கு அனுபவம் குறைவு, ஸ்டீம் டெக் கருவியே ஆர்ச் மேல் கட்டிய ஸ்டீம் ஓஎஸ்ஸில்தான் ஓடுகிறது என்பதால் நிலைமை முன்பு மாதிரி இல்லை, ஆனால் ஆன்லைனில் சேர்ந்து ஆடும் சில கேம்களின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் லினக்ஸை உள்ளே விடாது. ஆடும் கேம்களின் பெயரைக் கேட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள்.

டீச்சருக்கு? பிரிண்டர் மாறும்வரை விண்டோஸ். கொஞ்ச நாள் கழித்து அந்தப் பழைய பிரிண்டர் தானாகவே உயிரை விட்டது, அடுத்ததை வாங்குவதற்கு முன் என்னிடம் மாடல் கேட்டார், வைஃபையில் இணையும் ஒன்றைச் சொன்னேன். அதற்கப்புறம் போட்ட மின்ட்டில்தான் இப்போது வினாத்தாள் அடிக்கிறார்.

பென் டிரைவில் ஓட்டிப் பார்ப்பது

ஒரு 16 ஜிபி பென் டிரைவில் வென்டாய் என்ற கருவியை ஒருமுறை நிறுவிவிட்டால் போதும், அதன்பின் இரண்டு மூன்று டிஸ்ட்ரோக்களின் ஐஎஸ்ஓ கோப்புகளை (நிறுவுவதற்கான முழு நகல்) அப்படியே காப்பி செய்து வைத்து, பூட் ஆகும்போது எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். நிறுவாமல் லைவ் முறையில் ஓட்டுங்கள். வால்பேப்பரை ரசித்துவிட்டு மூடாமல் இதையெல்லாம் செய்யுங்கள்: வைஃபை இணைத்து ஒரு வீடியோ ஓட்டுங்கள், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைகள், வெளிச்ச விசைகள், ப்ளூடூத், கேமரா, மைக். மைக்கில் பேசிப் பதிவு செய்து திரும்பக் கேளுங்கள், இதை யாரும் செய்வதில்லை, ஆன்லைன் வகுப்பு அன்றுதான் தெரியவரும். ஹெச்டிஎம்ஐயில் டிவியை இணைத்துப் பாருங்கள். அப்புறம் லேப்டாப் மூடியை மூடிவிட்டு 5 நிமிஷம் கழித்துத் திறங்கள். சில லேப்டாப்புகள் தூங்கினால் எழுந்திருக்காது. ஒரு டிஸ்ட்ரோவில் எழாதது, கெர்னலின் புதிய பதிப்பு உள்ள இன்னொன்றில் எழுந்துவிடலாம், இரண்டு மூன்று ஐஎஸ்ஓ கொண்டுபோவது இதற்காகத்தான்.

தமிழ்த் தட்டச்சை அவருடைய கையாலேயே சோதியுங்கள். தமிழ்99 விசைப்பலகை முறையில் பழகியவர் அம்மா என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளை மட்டும் தொடுவார், முதல் ம மேல் புள்ளி தானாக விழ வேண்டும். ப, ந, த, உ என்றால் பந்து வர வேண்டும். கீபோர்டு லேஅவுட் பட்டியலில் ‘தமிழ்நெட் 99’ என்று கண்ணில் பட்டதும் அதைச் சேர்த்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்போம். அந்த லேஅவுட் ஒரு விசைக்கு இன்ன எழுத்து என்று கொடுக்கும், அவ்வளவுதான்; முன்னால் என்ன அடித்தோம் என்று அதற்குத் தெரியாது, புள்ளியை ஒவ்வொரு தடவையும் நாமே வைக்க வேண்டும். தானாகப் புள்ளி விழ ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியும் அதற்கான எம்17என் தொகுப்பும் நிறுவி, அதிலிருக்கும் தமிழ்99ஐச் சேர்க்க வேண்டும். ஒலிபெயர்ப்பு முறையில் அடிப்பவருக்கும் அதே தொகுப்பில் வழி உண்டு. லாக் அவுட் செய்துவிட்டு மறுபடி நுழைந்தால்தான் பட்டியலில் வரும், அது வரவில்லையே என்று திரும்பத் திரும்ப நிறுவிக்கொண்டு உட்காராதீர்கள். இருபது வருஷம் தமிழ்99இல் அடித்தவரின் விரல் ஒரு இடத்தில் தடுக்கினால் போதும், உங்கள் டிஸ்ட்ரோவின் மற்ற எல்லாப் பெருமையும் அங்கேயே முடிந்தது.

போடும் நாள்

பேக்கப் எடுத்தீர்களா என்று கேட்டால் எடுத்தேன் என்பார்கள். நம்பாதீர்கள், வெளி டிஸ்க்கைச் சொருகித் திறந்து, நான்கு படத்தையும் ஒரு வேர்டு கோப்பையும் உங்கள் லேப்டாப்பில் திறந்து பாருங்கள். பிரௌசரில் சேமித்த கடவுச்சொற்கள், டெஸ்க்டாப்பிலேயே கிடக்கும் கோப்புகள், டவுன்லோட்ஸ் ஃபோல்டர், இந்த மூன்றும்தான் எப்போதும் விட்டுப்போகும். விண்டோஸையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்ஸ் போடுவதென்றால் முதலில் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள், டிஸ்க் விண்டோஸின் பிட்லாக்கர் குறியாக்கத்தில் பூட்டியிருக்கிறதா என்று பார்த்து மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் பார்ட்டிஷனில் கைவைத்தால் அடுத்த முறை விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்டுவிட்டு நிற்கும்.

நிறுவிய பின் ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். லிப்ரெஆபீஸின் அமைப்பில் போய் வழக்கமாகச் சேமிக்கும் வடிவத்தை வேர்டின் டாக்எக்ஸுக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் அவர் அனுப்பும் கோப்பு யாருக்கும் திறக்கவில்லை என்று புகார் வரும். கலிப்ரி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள் வரி தள்ளிப்போகாமல் இருக்க அதே அகலத்தில் செய்த கார்லிட்டோ எழுத்துரு இருக்கிறதா என்று பாருங்கள். நோட்டோ தமிழ் எழுத்துருவையும் சேர்த்துவிடுங்கள். டைம்ஷிஃப்டில் முதல் படத்தை எடுத்து வையுங்கள். டெர்மினல் ஐகானைக் கீழ்ப்பட்டையிலிருந்து எடுத்துவிடுவது என் வழக்கம், தேவைப்படுகிறவர் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்.

கடைசியாக ஒரு சின்னச் சீட்டு. லேப்டாப்பின் அடியில், பேட்டரி மூடிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். டிஸ்ட்ரோவின் பெயர், பதிப்பு, ஆதரவு முடியும் ஆண்டு, அவ்வளவுதான், கடவுச்சொல் வேண்டாம். பெரியம்மாவுடையதில் ‘மின்ட் 22, 2029 வரை’ என்று எழுதியிருக்கிறேன். போன தடவை போனபோது அதன் கீழே அவர் பேனாவால் என் போன் நம்பரையும் சேர்த்து வைத்திருந்தார்.